நம்பிக்கையில் இருப்பது எந்தக் கை?

கோட்டையூரிலிருந்து ஒரு வாசகர், 9 ஜனவரி 2025

மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி விழாவில் பேச வந்தவர், "யானைக்குப் பலம் தும்பிக்கை, மனிதனுக்குப் பலம் நம்பிக்கை. உன் கையை நம்பு, அதுதான் நம்பிக்கை" என்று சொல்லியிருக்கிறார். அவளும் நோட்டில் "நம்பு + கை = நம்பிக்கை" என்று எழுதி, பக்கத்தில் ஒரு கை படமும் வரைந்து வைத்திருக்கிறாள். இது சரிதானா? அந்தச் சொல் எங்கிருந்து வந்தது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பள்ளத்தூர்க்காரன், 9 ஜனவரி, இரவு

கூட்டல் குறி சரி. கை படம்தான் தப்பு.

வருகை, செய்கை, அழுகை, தொழுகை, கொள்கை, வாழ்க்கை, சேர்க்கை எல்லாவற்றிலும் கடைசியில் 'கை' இருக்கிறது. அழுகையில் எந்தக் கை இருக்கிறது? அது தொழிற்பெயர் விகுதி. வினைச்சொல்லின் பின்னால் ஒட்டிக்கொண்டு அதைப் பெயர்ச்சொல் ஆக்கும், அவ்வளவுதான். நம்பு என்ற வினையோடு அது சேர்ந்ததுதான் நம்பிக்கை.

ஆனால் தும்பிக்கையில் இருப்பது உண்மையான கை. தும்பி என்றால் யானை. தும்பியின் கை தும்பிக்கை. யானைக்குக் கைம்மா என்றும் பழைய பெயர் உண்டு, கையுடைய விலங்கு என்று. பிள்ளையார்பட்டிக்குப் போனால் மகளுக்குக் காட்டுங்கள். அங்கே குடைவரைப் பிள்ளையாருக்கு இரண்டே கரங்கள், துதிக்கை வலப்பக்கம் சுழித்திருக்கும். அந்தக் கையை வரையச் சொல்லுங்கள்.

10 ஜனவரி

தேவகோட்டை அக்கா ஒருவர் நல்ல கேள்வி கேட்டிருக்கிறார். "வருகை, செய்கை மாதிரி என்றால் நம்புகை என்றல்லவா வர வேண்டும்? நடுவில் 'இ' எப்படி வந்தது, 'க்' எப்படி வந்தது?"

நேற்று இதை யோசிக்காமல் எழுதிவிட்டேன். இரவெல்லாம் இதே நினைப்பு. காலையில் பல் விளக்கும்போது கோரிக்கை என்ற சொல் ஞாபகம் வந்தது. கோரு, கோரிக்கை. காண், காணிக்கை. நம்பு, நம்பிக்கை. மூன்றுக்கும் ஒரே அச்சு.

அப்புறம் பெங்களூர் ஞாபகம் வந்தது. அங்கே நான் ஆறு வருடம் வேலை பார்த்தேன். வீட்டுக்கார அம்மா வாடகையை எண்ணிப் பார்க்காமலே பெட்டியில் போடுவார். "நம்பிகெ" என்று சிரிப்பார். கன்னடத்தில் நம்பிக்கைக்கு நம்பிகெ. கோரிக்கைக்கு கோரிகெ. காணிக்கைக்கு காணிகெ. மூன்றும் அங்கேயும் அதே வரிசையில் நிற்கின்றன. ஆனால் கன்னடத்திலும் கைக்குக் 'கை' என்றுதான் பெயர், 'கெ' இல்லை. கை என்ற உறுப்புதான் நம்பிக்கையில் இருந்தது என்றால் கன்னடக்காரர்கள் அதை 'நம்பிகை' என்று வைத்திருக்க மாட்டார்களா?

தெலுங்கு இன்னும் தெளிவு. நம்பு அங்கே நம்மு. நம்பிக்கை நம்மகம். கையோ செய்யி. இரண்டுக்கும் ஓரெழுத்துச் சம்பந்தம்கூட இல்லை.

பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி (முதல் பதிப்பு 1961, திருத்திய பதிப்பு 1984) நம்பு என்ற வினையைக் கன்னட, தெலுங்கு உறவுகளோடு சேர்த்தே காட்டுகிறது. மொழிகள் பிரிவதற்கு முன்பே இருந்த வேர் அது.

13 ஜனவரி

போகிக்குப் பரணை ஒழித்தபோது கல்லூரியில் படித்த தொல்காப்பியம் சொல்லதிகாரம் கிடைத்தது. ஒரு சூத்திரத்துக்குக் கீழே அப்போதே பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன். எதற்கு என்று இன்றுதான் எனக்குப் புரிந்தது.

"நம்பும் மேவும் நசையா கும்மே."

உரியியலில் வருகிறது. நம்பு, மேவு என்ற இரண்டு சொற்களும் நசை என்ற பொருளைத் தரும் என்பது கருத்து. நசை என்றால் விருப்பம், ஆசை. தொல்காப்பியர் இங்கே உறுதி என்றோ ஐயமின்மை என்றோ சொல்லவில்லை. நம்புவது என்றால் விரும்புவது.

இதற்கு உரைகாரர்கள் காட்டும் உதாரணம் அகநானூறு 198, பரணர் பாட்டு. "நயந்துநாம் விட்ட நன்மொழி நம்பி." தலைவன் தன் நெஞ்சோடு பேசுகிறான். சொல்வோமா வேண்டாமா என்று தயங்கித் தயங்கி, உள்ளே ஒளித்த காதலை அடக்க முடியாமல், ஒரு நல்ல வார்த்தை சொல்லி அனுப்புகிறான். அவள் அந்த மொழியை 'நம்பி' நடுச்சாமத்தில் வருகிறாள்.

இந்த 'நம்பி'யை இன்றைய பொருளில் படித்தால், அவன் சொன்னது உண்மை என்று எடுத்துக்கொண்டு வந்தாள் என்றாகும். பழைய பொருளில் படித்தால், அந்த வார்த்தையின் மேல் ஆசைப்பட்டு வந்தாள். நான் இரண்டு விதமாகவும் பல முறை படித்துப் பார்த்தேன். இரண்டாவதுதான் எனக்கு அந்த இரவைக் காட்டுகிறது. உண்மையா பொய்யா என்று தராசில் நிறுத்துப் பார்த்துவிட்டு யார் நடுச்சாமத்தில் கிளம்பி வருவார்கள்?

சிவனை நம்பன் என்பதும் இதனால்தான். விரும்பப்படுபவன் என்று உரை சொல்வார்கள். ஆண்மகனைக் குறிக்கும் நம்பி என்ற சொல்லும் இதே வேரில் வந்ததுதான். சுந்தரருக்கு நம்பியாரூரர் என்று பெயர். விருப்பத்துக்கு உரியவர்.

14 ஜனவரி

பொங்கல் வாழ்த்து எல்லோருக்கும். நேற்று எழுதியதில் கடைசி மூன்று வாக்கியங்களையும் அடித்துவிடுங்கள்.

நம்பி என்ற ஆண்பெயர் வேறு வழியாக வந்தது. எம்பி என்றால் என் தம்பி. நும்பி, உன் தம்பி. தம்பி என்பதே முதலில் 'அவன் தம்பி'தான். அந்த வரிசையில்தான் நம்பி நிற்கிறது. முன்னால் இருப்பது 'நம்' என்ற சொல். இதற்குப் பெண்பால் ஜோடி பாருங்கள்: தம்பிக்குத் தங்கை, நம்பிக்கு நங்கை. எங்கை, நுங்கை என்றும் பழைய பாட்டில் உண்டு.

ஆக, தங்கையிலும் ஒரு கை இருக்கிறது! அது உறுப்பும் இல்லை, தொழிற்பெயர் விகுதியும் இல்லை. உறவைக் காட்டும் மூன்றாவது கை. பொங்கல் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதைச் சொன்னேன். என் தங்கை, "அண்ணே, பால் பொங்கிருச்சு, முதல்ல சங்கை ஊதுங்க" என்றாள்.

18 ஜனவரி

தேவகோட்டை அக்கா மறுபடியும் வந்து, "விசுவாசம் என்ற சொல்லை விட்டுவிட்டீர்களே" என்கிறார். அவர் வீட்டில் எல்லோரும் ஓரியூருக்கு நடந்து போகிறவர்கள். 1693இல் அருளானந்தர் வெட்டுப்பட்ட இடம் அது, செம்மண். அங்கே போய் வந்த யார் காலிலும் அந்தச் சிவப்பைப் பார்க்கலாம்.

அக்கா சொன்னதை வைத்துத் தேடியதில் எனக்குக் கிடைத்தது பெரிய புதையல். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில், பதின்மூன்றாம் அதிகாரக் கடைசி வசனம். பழைய மொழிபெயர்ப்பில் "விசுவாசம், நம்பிக்கை, அன்பு இம்மூன்றும் நிலைத்திருக்கிறது" என்று இருக்கிறது. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பிலோ "நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு" என்று மாறிவிட்டது.

உற்றுப் பாருங்கள். பழையதில் நம்பிக்கை இரண்டாம் இடத்தில் இருந்தது. வரப்போவதை ஆவலோடு பார்த்திருப்பது என்று பொருள். புதியதில் அதே சொல் முதல் இடத்துக்கு நகர்ந்து, விசுவாசம் செய்த வேலையை ஏற்றுக்கொண்டது. காலியான இரண்டாம் இடத்துக்கு எதிர்நோக்கு வந்தது. பழைய வேதாகமத்தையும் இன்றைக்கு நிறையப் பேர் வாசிக்கிறார்கள். ஆகவே ஒரே ஊரில், ஒரே ஞாயிற்றுக்கிழமை காலையில், ஒரு கோயிலில் நம்பிக்கைக்கு ஒரு பொருள், அடுத்த தெருக் கோயிலில் இன்னொரு பொருள்.

எபிரெயருக்கு எழுதிய கடிதத்தில் பழைய மொழிபெயர்ப்பு இன்னும் அழகு. "விசுவாசமானது நம்பப்படுகிறவைகளின் உறுதியும்" என்று தொடங்குகிறது வசனம். இங்கே நம்பப்படுகிறவை என்றால் விரும்பி எதிர்பார்க்கப்படுபவை. தொல்காப்பியர் சொன்ன நசை, வேதாகமத்துக்குள் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. 13ஆம் தேதி நான் எழுதியதைப் படித்து, "அந்தப் பொருள் செத்துப்போய் ஆயிரம் வருடம் ஆகிறது" என்று ஒருவர் சொல்லியிருந்தார். சாகவில்லை ஐயா. ஞாயிற்றுக்கிழமை தோறும் வாசிக்கிறார்கள்.

பள்ளிவாசல் பக்கமும் இதே நகர்வுதான். ஈமான் என்ற அரபுச் சொல்லை அப்படியே வைத்துக்கொள்பவர்கள் உண்டு. விசுவாசம் என்று பெயர்த்தவர்கள் உண்டு. இப்போது நம்பிக்கை கொண்டோர், நம்பிக்கையாளர்கள் என்று நிறையப் பார்க்கிறேன்.

19 ஜனவரி

நேற்றைய குறிப்போடு சேர்த்துப் படியுங்கள். விசுவாசம் வடமொழிச் சொல். அதற்குள் சுவாசம் இருக்கிறது. வேர் 'சுவஸ்', மூச்சு விடுதல். முன்னால் 'வி' சேர்ந்தால் தடையில்லாமல் மூச்சு விடுவது, பயமில்லாமல் இருப்பது. அதிலிருந்துதான் ஒருவரை நம்புவது என்ற பொருள் வந்தது.

எங்கள் பக்கம் விசுவாசம் என்றால் வேலைக்காரர் முதலாளிக்குக் காட்டுவது, நாய் வீட்டுக்காரருக்குக் காட்டுவது என்றே பழகிவிட்டோம். எனக்கும் அந்தச் சொல் பிடிக்காமல்தான் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன் ஆத்தாவுக்கு மதுரையில் ஆபரேஷன். வெளியே பெஞ்சில் நாலு மணி நேரம் இருந்தேன். டாக்டர் வந்து "பயப்படாதீங்க" என்ற பிறகுதான், அதுவரை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன் என்பதே தெரிந்தது. நீளமாக ஒரு மூச்சு வந்தது. அதற்குப் பெயர் விசுவாசம் என்றால் அந்தச் சொல்லை நான் இத்தனை நாள் தள்ளி வைத்தது தவறு.

22 ஜனவரி

கோட்டையூர்க்காரர் வருத்தப்பட்டு எழுதியிருக்கிறார். "நீங்கள் சொன்னது சரிதான், ஆனாலும் மகளிடம் கையை அழி என்று சொல்ல மனம் வரவில்லை" என்று.

நானும் இதை இரண்டு நாளாக யோசித்தேன். இலக்கணத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் பேச வந்தவர் மனதில் ஏன் கை வந்தது என்பது புரிகிறது. நம் ஊரில் நம்பிக்கையும் கையும் ஒட்டியே இருந்திருக்கின்றன. பத்திரம், சாட்சி எதுவும் இல்லாமல் கொடுக்கும் கடனுக்கு என்ன பெயர்? கைமாற்று. வாக்குக் கொடுத்தால் கையடித்துக் கொடுப்பார்கள். சந்தையில் மாட்டுக்கு விலை பேசினால் துண்டுக்கு அடியில் விரலைப் பிடிப்பார்கள். பணத்துக்கும் நேர்மைக்கும் நாணயம் என்ற ஒரே சொல்லை வைத்திருக்கிற ஊர்கள் நம்முடையவை. "நாணயமான ஆள்" என்றால் அவருக்குக் கைமாற்று கிடைக்கும்.

அப்பச்சி, என் அப்பா, அப்படித்தான் கொடுத்துக் கெட்டார். ஒரு நிதி நிறுவனத்தில், நடத்துகிறவர் தெரிந்தவர் என்பதற்காக, ஓய்வு பெற்றபோது கிடைத்த பணம் முழுவதையும் போட்டார். ரசீதைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. ஒரு நாள் போனபோது கதவு பூட்டியிருந்தது. கடைசி வரைக்கும் அந்த ஆளைத் திட்டவில்லை. "நம்பிட்டேன்" என்று மட்டும் சொல்வார். வேறு எந்தக் குற்றத்தையும் ஒப்புக்கொள்வது போல அதைச் சொல்வார். எனக்கு அது இப்போதும் தொண்டையில் நிற்கிறது.

வள்ளுவர் இந்த இடத்தில் வேறு சொல்லைப் பிடிக்கிறார். தெரிந்துதெளிதல் அதிகாரத்தில் அவர் வைத்திருப்பது தேறுதல், தெளிதல். "தேறற்க யாரையும் தேராது." ஆராயாமல் யாரையும் தேறாதே. தேறுவது என்றால் கலங்கல் இறங்கித் தெளிந்த பிறகு வைக்கும் நம்பிக்கை. ஊருணித் தண்ணீரில் தேற்றாங்கொட்டையை உரசிவிட்டால் சேறு அடியில் போய்விடும், பார்த்திருப்பீர்கள். நம்புவது ஆசையின் பக்கம், தேறுவது தெளிவின் பக்கம். அப்பச்சி நம்பினார், தேறவில்லை. தமிழில் இதற்கு இரண்டு சொற்கள் இருந்தும் ஒன்றை ஆறுதலோடு சேர்த்து "ஆறுதல் தேறுதல்" என்று துக்க வீட்டுக்கும், பரீட்சை முடிவுக்கும் அனுப்பிவிட்டோம்.

23 ஜனவரி

கண்டனூர் நண்பர் கேட்டார்: மழையை நம்பி, கண்மாயை நம்பி என்கிறோமே, அது ஆசையா தெளிவா? இரண்டும் இல்லை. அது அண்டியிருத்தல். அதை விட்டால் வேறு வழி கிடையாது என்ற பொருள். "உன்னை நம்பித்தானே இருக்கேன்" என்பதும் அதுவே. நம்புவதற்குள் இப்படி ஒரு மூன்றாவது அறை இருக்கிறது. நான் பார்க்கத் தவறியது.

4 பிப்ரவரி

மைத்துனர் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறார். குன்றக்குடியில் கும்பிட்டுக் கிளம்பி சிங்கம்புணரி தாண்டிவிட்டாராம். நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் என்று இன்னும் கிடக்கிறது. காலில் கொப்புளம். வழியில் யாரோ முன்பின் தெரியாத அம்மா மோர் கொடுத்து, எண்ணெயும் தடவிவிட்டாராம்.

பக்தி என்ற சொல்லையும் பார்த்துவிடலாம் என்று பார்த்தேன். வேர் 'பஜ்'. பங்கிடுதல், பங்கு பெறுதல். உருகுவதும் அழுவதும் பிறகு சேர்ந்தவை. நகரத்தார் கோயில்களில் கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்தையும் ஒரு புள்ளி என்று எண்ணிப் புள்ளிவரி வாங்குகிறார்களே, பங்கு என்ற பொருளுக்கு அது ரொம்பக் கிட்டத்தில் வருகிறது. கல்யாணமான வருடம் இளையாத்தங்குடியில் என் பெயரையும் புள்ளியாக எழுதியபோது மேலே எந்த வெளிச்சமும் விழவில்லை. ஆனால் இந்தக் கோயிலில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்று நினைத்தேன். மோர் கொடுத்த அம்மாவும் நடக்கிறவர்களோடு பங்கு சேர்கிறார்.

6 பிப்ரவரி

கோட்டையூர் மகளே நேராகக் கேட்கிறாள்: "மாமா, அப்ப எச்சரிக்கையில?" அதிலும் கை இல்லை தாயி. எச்சரி என்ற வினையோடு விகுதி சேர்ந்தது. வழுக்கையிலும் கை இல்லை. முழங்கை, புறங்கை, உள்ளங்கை, தும்பிக்கை, இவற்றில் கை உண்டு. தங்கையில் இருப்பதை அடுத்த வருடம் உங்கள் தமிழ் அம்மாவிடம் கேள்.

16 பிப்ரவரி

இதை எழுதலாமா என்று ஒரு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஐயா, அப்பச்சியின் அப்பா, பர்மாவில் பெகுவில் ஒரு வட்டிக்கடையில் அடுத்தாளாக (உதவியாளராக) இருந்து, பிறகு சின்னதாகச் சொந்த விலாசத்தில், அதாவது சொந்தக் கடைப் பெயரில், கொடுத்து வாங்கினவர். 1942இல் ஜப்பான்காரன் வந்தபோது எல்லோரையும் போல நடந்தே வந்து சேர்ந்தார். பெட்டி படுக்கை எல்லாம் போயிற்று. ஒரு பேரேட்டை மட்டும் வேட்டியில் சுற்றி வயிற்றோடு கட்டிக்கொண்டு வந்தார். நெல் விவசாயிகள் பெயர், பற்று, பாக்கி எல்லாம் அதில் இருந்தது. சண்டை முடிந்ததும் திரும்பிப் போய் வசூலித்துவிடலாம் என்று இருந்தவர், போக முடியாமலே காலமானார். 1962இல் அங்கே ராணுவ ஆட்சி வந்து, வங்கியும் கடையும் அரசுடைமை ஆன பிறகு ஊரில் எல்லோரும் அந்தக் கணக்கை மறந்துவிட்டார்கள்.

அப்பத்தா மறக்கவில்லை. இரும்புப் பெட்டியில் வைத்திருந்தார். சரஸ்வதி பூசைக்கு வருடா வருடம் எடுத்து, துடைத்து, மஞ்சள் குங்குமம் வைத்து, திரும்ப உள்ளே வைப்பார். எனக்குப் பத்து வயது இருக்கும்போது ஒரு பூசையன்று அப்பச்சி பொறுக்க முடியாமல் சொன்னார்:

"ஆத்தா, அது வராக்கடன். இனி வராது. எதுக்கு நம்பிக்கிட்டு இருக்கே?"

அப்பத்தா குங்குமக் கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை.

"வராதுன்னு எனக்குத் தெரியாதாடா? வரும்னு நான் என்னைக்காவது சொன்னேனா? நம்பிக்கிட்டு இருக்கேன், அவ்வளவுதான்."

அன்றைக்கு எனக்கு அது குழப்பமாக இருந்தது. வராது என்று தெரிந்த ஒன்றை எப்படி நம்ப முடியும் என்று வளவுத் தூணைப் பிடித்துக்கொண்டு யோசித்தது ஞாபகம் இருக்கிறது. அப்பத்தா பேச்சில் முன்னுக்குப் பின் முரண் என்றே நாற்பது வருடம் எண்ணிக்கொண்டிருந்தேன். அப்பத்தாவுக்குப் படிக்கத் தெரியாது. தொல்காப்பியமும் தெரியாது. நசை என்று போன மாதம் பென்சில் கோட்டுக்கு மேலே படித்தபோது எனக்கு முதலில் கேட்டது அந்தக் குரல்தான்.

பேரேடு இப்போது என்னிடம் இருக்கிறது. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அதற்குக் கீழே ஐயா கையெழுத்தில் சிவமயம். உள்ளே பர்மியப் பெயர்களைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறார், மௌங் இன்னார், மா இன்னார் என்று. பற்றுப் பக்கம் நிறைந்திருக்கிறது. வரவுப் பக்கம் பாதியில் நிற்கிறது. அட்டையில் குங்குமம் வைத்து வைத்து ஓரிடம் ஓட்டையே விழுந்துவிட்டது. வருகிற பூசைக்கு எங்கே பொட்டு வைப்பது என்று வீட்டில் கேட்டார்கள். பக்கத்திலேயே வைக்கச் சொன்னேன்.